பளபளத்த ஜாவாவும் துருப்பிடித்த ஜாவாவும்

போன வருஷம் 'ஜாவா 250' என்ற பழைய மோட்டார் சைக்கிள் இரண்டு விலைக்கு வந்தன. ஒன்று கோவையில். மெரூன் பெயின்ட், கண்ணைக் கூசவைக்கும் குரோம், இரண்டாவது உதையில் ஸ்டார்ட். இன்னொன்று கோத்தகிரியில், ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டின் விறகுக் கொட்டகையில். டேங்க் முழுக்கத் துரு, சீட்டுக்குள் எலிக்கூடு, எஞ்சின் இறுகிப்போய் கிக்கர் அசையவே இல்லை. ஆர்.சி.படி இரண்டும் 1960-களின் கடைசி வண்டிகள். நான் எடுத்தது கோத்தகிரி வண்டியை. வீட்டில் இன்னும் அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோவை வண்டி ஏறக்குறைய இரண்டரை மடங்கு விலை. துருப்பிடித்ததை ஓடவைக்கும் செலவையும் சேர்த்தால் இரண்டும் பக்கத்தில் வந்துவிடும். அதனால் விலையை விட்டுவிடலாம். 6 வோல்ட் விளக்கு குன்னூர் மூடுபனியில் எதையும் காட்டாது என்பதிலும் இரண்டும் சமம்.

பார்க்க வேண்டியது எஞ்சினை. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-இல் தயாரிப்பைத் தொடங்கியது. 1973-இல் வண்டியின் பெயர் எஸ்டி ஆனது; எஞ்சின் அடிப்படை அதேதான். 65 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). அதனால் எஸ்டி பாகங்கள் பல ஜாவாவில் அப்படியே உட்காரும். கோவை வண்டியின் எஞ்சின் கவரில் எஸ்டி என்றே இருந்தது. "எல்லாம் ஒரே கம்பெனிதானே சார்" என்றார் விற்றவர். ஓட்டுவதற்கு மட்டும் என்றால் அவர் சொன்னது சரிதான். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றாக இருப்பதைக் காட்டி ஒரிஜினல் ஜாவா என்பார்கள். அது எஸ்டியிலும் உண்டு. இதற்கு நேர்மாறாக, ஆரம்பகால மைசூர் வண்டியில் 'பால்' என்ற செக் நாட்டு முத்திரை உள்ள மின்பாகத்தைப் பார்த்தால் கழற்றி எறியாதீர்கள். அப்போது நிறைய சாமான் அங்கிருந்துதான் வந்தது.

கவரைத் தேடிப்பிடித்து மாற்றிவிடலாம். எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் குத்திய எண்ணுக்கு மாற்று கிடையாது. என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது அதுதான். கோவை வண்டியில் எண்ணைச் சுற்றி அலுமினியம் வழவழவென்று, கொஞ்சம் பள்ளமாகவும் இருந்தது. வார்ப்பின் சொரசொரப்பு போயிருந்தால் யாரோ அரம் போட்டுப் பழைய எண்ணை அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எழுத்துகளும் ஏறி இறங்கி நின்றன. கோத்தகிரி வண்டியில் அரை மணி நேரம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். சொரசொரப்பு அப்படியே இருந்தது, எண் ஆர்.சி.யோடு பொருந்தியது, சேசிஸ் எண்ணும் சரி.

இது வெறும் பழைய வண்டிப் பைத்தியம் இல்லை. 2021-இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று 'வி.ஏ.' எண்ணில் பதியலாம். சேசிஸோ எஞ்சினோ பெரிதாக மாறியிருக்கக் கூடாது. அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது என்பதால் நான் போகவில்லை. ஆனால் நாளை என்னிடம் வாங்குபவர் கேட்பார்.

மலை வண்டிக்கு எதிராகவும் ஒன்று சொல்லவேண்டும். ஜாவா டூ ஸ்ட்ரோக் எஞ்சின்; அதில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகும். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடியே வந்தால் சிலிண்டர் காய்ந்துவிடும். என் வண்டியில் போர் கீறிக் கிடந்தது; போரிங் செய்து, அதாவது சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. ஆறு மாதம் ஷெட்டிலேயே கிடந்தது. உடனே ஓட்ட வேண்டும் என்பவருக்குக் கோவை வண்டிதான் லாயக்கு. நான் ஒரே ஒரு பழைய வண்டி வாங்கியவன், எல்லா வண்டிக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

சைலென்சர் இரண்டும் ஓட்டை. புதுப்பேட்டையில் வாங்கிய நகல்கள் பார்க்க அச்சு அசல், சத்தம்தான் தகர டப்பா. பழையதைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறேன்.