காய்ந்த அன்றைக்கு எல்லா வண்ணமும் அழகுதான்: வீட்டுக் கைவினையில் பல ஆண்டு அனுபவம்

வண்ணங்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் பூச்சு காய்ந்த அன்றைக்கே எழுதப்பட்டுவிடுகின்றன. அன்றைக்கு எந்த வண்ணமும் குறை சொல்ல முடியாதபடிதான் இருக்கும். அக்ரிலிக், நீர்வண்ணம், கோவாஷ் எனப்படும் ஒளிபுகா நீர்வண்ணம், துணி வண்ணம், காற்றில் உலரும் களிமண், இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவிடும் எபாக்சி ரெசின் என்று பலவற்றைப் பல ஆண்டுகளாக வீட்டில் மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றால் செய்த பொருள்கள் இன்னும் அலமாரியிலும் ஜன்னலோரத்திலும் இருப்பதால், அவை இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வைத்தே இதை எழுதுகிறேன். பூச்சின் ஆயுளை முடிவு செய்வது நிறம் அல்ல. நிறமியைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புப் பொருளும், அதன் அடியில் உள்ள பரப்பும்தான் என்பது என் கணிப்பு.

மிக அதிகமாகக் கைகொடுத்தது அக்ரிலிக். நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள்தாம் இதன் பிணைப்புப் பொருள்; நீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடுவதால், காய்ந்த அக்ரிலிக்கை மறுபடி நீரில் கரைக்க இயலாது. ஈரமாக இருக்கையில் அந்தக் கலவை பால்போல் வெண்மையாக இருந்து, காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால்தான் தட்டில் கலந்த நிறம் காய்ந்தபின் சற்று அடர்ந்து தெரிகிறது. விட்ட இடத்தைப் பின்னொரு நாள் நிரப்பும்போது நிறம் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம் என்பதால், பெரிய பரப்புக்குத் தேவையான கலவையை ஒரே முறையில் கலந்து, மூடியிட்ட டப்பாவில் வைத்துக்கொள்கிறேன்.

தொட்டால் ஒட்டாத நிலையை அக்ரிலிக் விரைவிலேயே அடைந்துவிடும் என்றாலும், உள்ளே முழுமையாக இறுகுவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். இறுகிய பிறகும் வெப்பத்தில் இளகும் இயல்பு அதற்கு உண்டு. வண்ணம் பூசிய மரப்பெட்டியின் மூடியும் விளிம்பும் கோடைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது மெல்லிய ஏடாகப் பெயர்ந்து வருவது இதனால்தான். இப்போது, உரசும் விளிம்புகளுக்கு வண்ணமே பூசுவதில்லை. மெழுகு தேய்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

பரப்பு எந்த அளவுக்கு முக்கியம் என்பதைச் சுட்ட மண்தொட்டிகளில்தான் தெளிவாகப் பார்க்கலாம். வெளிப்புறம் அக்ரிலிக் பூசிச் செடி வைத்த தொட்டியில், உள்ளே ஊற்றும் நீர் மண்சுவரின் நுண்துளைகள் வழியாகக் கசிந்து வெளியேற முயல்கிறது. வெளியே பிளாஸ்டிக் படலம் தடுக்கிறது. முதலில் அடிப்பகுதியில் சிறு கொப்புளங்கள் எழுகின்றன. நகத்தால் கீறிப் பார்த்தால், படலத்துக்கும் மண்ணுக்கும் நடுவே வெண்ணிற உப்புப்பொடி படிந்திருக்கிறது. பூச்சு எவ்வளவு தரமானதாக இருந்தாலும் இதைத் தாங்காது. உட்புறத்திலும் நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்த தொட்டிகள் நன்றாகவே நிற்கின்றன. இன்னும் எளிய வழி, செடியைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, வண்ணத் தொட்டியை வெளியுறையாக மட்டும் பயன்படுத்துவது. கண்ணாடியில் சிக்கல் நேர்மாறானது: நுண்துளையே இல்லாததால் வண்ணத்துக்குப் பிடிப்பு கிடைப்பதில்லை. விரல் எண்ணெய் போகும்படி ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பூசினால் ஓரளவு நிற்கும். அடிக்கடி கழுவும் பாத்திரத்துக்கு அதுவும் போதாது. உணவோ உதடோ படும் இடத்தில் நான் எந்த வண்ணத்தையும் பூசுவதில்லை. நச்சற்றது என்று புட்டியில் அச்சிட்டிருப்பதால் மட்டும், அது உணவு படுவதற்கு ஏற்றது என்று ஆகிவிடாது.

நீர்வண்ணத்தில் பிணைப்புப் பொருள் மரப்பிசின் என்பதால், காய்ந்த பிறகும் நீர் பட்டால் கரையும். ஓவியருக்கு இது வசதி; கைவினைப் பொருளுக்கு இது தொல்லை. வாழ்த்து அட்டை, நூலடையாளம் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இங்கே செலவு செய்யத் தகுந்தது வண்ணத்துக்கு அல்ல, தாளுக்குத்தான்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள பருத்தித் தாளில் சாதாரண வண்ணம்கூட ஒழுங்காகப் பரவுகிறது, மெல்லிய தாளில் உயர்ந்த வண்ணமும் நெளிந்து திட்டுத்திட்டாகிறது. கோவாஷ் ஒளிபுகாமல் வெல்வெட்டுபோல் படிகிறது. ஆனால் வெளிர் நிறங்கள் காய்ந்ததும் சற்றுக் கருத்தும், அடர் நிறங்கள் சற்று வெளுத்தும் தெரிவதால், ஓரத்தாளில் பூசிக் காயவிட்டுப் பார்ப்பது அவசியம்.

நிறம் மங்குவதைப் பொறுத்தவரை, வண்ணக் குழாயின் முன்பக்கத்தில் உள்ள கவர்ச்சியான பெயரைவிட, பின்பக்கத்தில் உள்ள நிறமிக் குறியீடே பயனுள்ளது. பிபி29 என்றால் அல்ட்ராமரைன் நீலம், பிடபிள்யூ6 என்றால் டைட்டானியம் வெள்ளை. எந்த நிறுவனத்தின் குழாயிலும் இவற்றின் பொருள் மாறாது. அலிசரின் கிரிம்சன் எனப்படும் பிஆர்83 ஒளியில் வெளுக்கக்கூடியது. ஒளிரும் இளஞ்சிவப்பு, ஒளிரும் மஞ்சள் போன்றவை இன்னும் வேகமாக மங்கும். என் ஜன்னலோரப் பொருள்களில் மண்ணிறங்களும் அல்ட்ராமரைனும் அப்படியே இருக்க, ஒளிரும் இளஞ்சிவப்பு மட்டும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

துணி வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: புதுத் துணியின் கஞ்சி போகத் துவைத்து, வண்ணம் காய்ந்தபின் தயாரிப்பாளர் சொன்னபடி இஸ்திரி போட்டு, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பித் துவைத்தால் நெடுநாள் உழைக்கிறது.

காற்றில் உலரும் களிமண் நீர் வற்றும்போது சுருங்குவதால், தடித்த இடமும் மெல்லிய இடமும் சேரும் மூலையில்தான் விரிசல் விடும். ஒரே தடிமனில் செய்து, துணி மூடி மெதுவாக உலரவிட்டால் விரிசல் வெகுவாகக் குறைகிறது. உள்ளே ஈரம் இருக்கும்போதே வண்ணம் பூசக் கூடாது. வெள்ளைப் பசையை நீரில் கலந்து மேற்பூச்சாகப் பயன்படுத்தும் பழக்கம் பரவலாக உள்ளது. ஈரக்காற்றில் அது வெளுத்துப் பிசுபிசுப்பதால், நீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் வார்னிஷே எனக்குத் திருப்தி தந்தது. மினுமினுப்பற்ற வகையில் ஒளியைச் சிதறடிக்கும் துகள்கள் அடியில் தங்கிவிடும் என்பதால் நன்கு கிளறிக்கொள்ள வேண்டும். குலுக்கினால் நுரைக்குமிழ் பரப்பில் நின்றுவிடும்.

எபாக்சி ரெசினில்தான் எனக்கு மனம் ஒட்டவில்லை. கண்ணாடிபோன்ற பளபளப்பை வேறெதுவும் தராது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு திரவங்களின் விகிதம் சிறிது பிசகினாலும் பிசுபிசுப்பு போகாது, ஒரே கிண்ணத்தில் அதிகமாகக் கலந்தால் கடுமையாகச் சூடேறும், தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை வரலாம். கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடவே கூடாத ஒரு பொருளை, சிறுவர்களும் உட்கார்ந்து வேலை செய்யும் மேசைக்குக் கொண்டுவரத் தோன்றவில்லை. இத்தனைக்கும் பிறகு, வெயில் படும் இடத்தில் வைத்த தெளிவான வார்ப்பு மஞ்சளித்துவிட்டது. மீதமுள்ள புட்டி தீர்ந்ததும் மறுபடி வாங்கப் போவதில்லை.