மக்ரெகர் வேரைத் தேட: பதிவேடா, ஒய்-டிஎன்ஏவா?

ஸ்காட்லாந்தில் 1603-இல் மக்ரெகர் என்ற குலப் பெயருக்கே தடை விழுந்தது. 1774-இல்தான் முழுதாக நீங்கியது. இடையே பலர் கேம்ப்பெல், டிரம்மண்ட், மர்ரே என்று மாறினார்கள். பெயரைப் பிடித்து முன்னோரைத் தேடுவோருக்குச் சிக்கலே இங்குதான்.

செலவு
பதிவேடு: இணையத்தில் தேடல் இலவசம், பக்கத்தின் படத்துக்குச் சிறு கட்டணம்.
டிஎன்ஏ (ஒய்-டிஎன்ஏ, அதாவது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் மரபணுப் பகுதியின் சோதனை): ஒரே தடவையில் பெருந்தொகை.

எட்டும் தூரம்
பதிவேடு: அரசுப் பதிவு 1855 முதல். அந்த முதல் ஆண்டின் பிறப்புப் பதிவு பொக்கிஷம். பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமண நாள் வரை இருக்கும். அதற்கு முன் திருச்சபைப் பதிவேடுகள்தான். ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில் பல ஊர்களுக்கு அவை தாமதமாகவே தொடங்குகின்றன.
டிஎன்ஏ: பெயர் மாறினாலும் தந்தைவழி மாறாது. பெண்கள் தந்தையையோ சகோதரரையோ கன்னத்தின் உட்புற மாதிரி தரச் சொல்ல வேண்டும். சோதனையில் ஒப்பிடும் மரபணுக் குறிகள் 37 போதாது, 111 எடுங்கள்.

கனடாவின் நோவா ஸ்கோஷியா போன பாட்டனின் சொந்த ஊர் தெரிய வேண்டுமா? பதிவேடு. இன்றைய கேம்ப்பெல் அன்றைய மக்ரெகரா என்ற கேள்விக்கு டிஎன்ஏ.