பச்சை மரம் நேராகச் சூளைக்கா, முதலில் காற்றிலா?

மேசைக்கும் கருவிப் பிடிகளுக்கும் பச்சைப் பலகை, அதாவது புதிதாக அறுத்த ஈரம் காயாத பலகை, வாங்கியபோது இந்தக் கேள்வி எனக்கு வந்தது. காற்றில் பாதி காயவிட்டு, மீதியைச் சூளையில் (மரத்தைச் சூடேற்றி உலர்த்தும் அறையில்) முடிக்கும் வழியைத்தான் எடுத்தேன். இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

வேகத்தில் சூளையோடு போட்டி போட முடியாது. சூளைக்கு இடமும் குறைவாகப் பிடிக்கும். சரி, அதை விடுங்கள். என் முடிவுக்குக் காரணம் வலு.

செல்லின் குழியில் நிற்கும் தண்ணீர் போவதால் வலு மாறுவதில்லை. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, செல் சுவரில் ஊறியிருக்கும் தண்ணீரும் வெளியேறத் தொடங்கினால்தான் மரம் சுருங்கும், இறுகும். 12 சதவீதத்துக்கு வந்த சிவப்பு ஓக், இழைப்போக்கில் பச்சை மரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம் தாங்கும்.

ஆனால் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேருகிறது என்பது முக்கியம். ஈரமும் சூடும் சேர்ந்தால் ஓக் மாதிரிக் கடினமரத்தின் செல் சுவரில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரிகிறது. அந்த அமிலமே செல் சுவரை மேலும் சிதைக்கிறது. மிதமான சூட்டில் வரும் தளர்ச்சி ஆறியதும் போய்விடும். சுமார் 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஈரத்தோடு நெடுநேரம் கிடந்தால் போன வலு திரும்பாது. அதிர்ச்சி தாங்கும் குணம்தான் முதலில் அடிவாங்கும்: நல்ல பிடி சிம்பு சிம்பாகப் பிரிந்து முறியும், வெந்த மரமோ படக்கென்று குறுக்காக ஒடியும். அவசரமாகக் காயவைத்தால் வரும் இன்னொரு கேடு, தேன்கூடு வெடிப்பு. மேல்பரப்பு பளிச்சென்று இருக்கும். குறுக்கே அறுத்தால்தான் உள்ளே கண் வடிவப் பிளவுகள் வரிசையாகத் தெரியும்.

நிதானமான ஆள் கையில் நேர்ச் சூளையும் பிழைக்கும். பச்சை ஓக்கை 40 டிகிரியை ஒட்டித் தொடங்கி, காற்றை ஈரமாகவே வைத்து, கடைசியில்தான் சூட்டை ஏற்றுவார்கள். அவசரக்காரரிடம் அந்தப் பொறுமை இருக்காது. காற்றில் 20, 25 சதவீதத்துக்கு வந்த பலகைக்கு அந்த ஆபத்து பெரும்பாலும் கடந்துபோன கதை. அடுக்குகளுக்கு நடுவே ரீப்பர் வைத்து, முனைகளில் மெழுகு பூசி, நேர்வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதெல்லாம் இரண்டு அங்குல கனம் வரைக்குமான என் அனுபவம். கனத்த உத்தரங்களுக்கு இதை அப்படியே நீட்டிவிடாதீர்கள். மேப்பிள் மாதிரி வெளிர் மரம் என்றால், காற்றில் கிடக்கும் காலத்தில் கறை ஏறி வெண்மை போய்விடும். அதை மட்டும் நானும் நேராகவே, குறைந்த சூட்டில், சூளைக்கு அனுப்புவேன்.