பூக்கட்டும் அக்காவுக்கு வாங்கிய 300 நிமிட பேக்

கீபேட் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கோ அத்தைக்கோ, "28 நாளுக்கு 300 நிமிடம்" என்று விற்கிற ரீசார்ஜ் பேக்கை வாங்கித் தர நினைக்கிறவர்கள் முதலில் அவர்கள் பேசும் விதத்தைக் கவனியுங்கள். ஒரு தடவை போனை எடுத்தால் பத்து நிமிடம் பேசுகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம். இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறவர் என்றால் வேண்டாம். அவருக்கு இது நட்டம்.

என் அக்கா திருப்பரங்குன்றத்தில் பூ விற்கிறார். விடிவதற்கு முன்பே மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இருக்கும் கமிஷன் கடைக்கு போன் செய்வார். "மல்லி இன்றைக்கு என்ன விலை? பிச்சி வந்திருக்கிறதா? சரி, இரண்டு கிலோ எடுத்து வையுங்கள்." அவ்வளவுதான். அடுத்து ஆட்டோக்காரத் தம்பிக்கு, "கிளம்பிவிட்டாயா?" அப்புறம் மாலை கேட்டிருந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை. நாள் முழுக்க இப்படித்தான். ஊர்க்கதை பேசுவதெல்லாம் நேரில், பூக்கட்டிக்கொண்டே. இப்படிப்பட்டவருக்கு 300 நிமிடம் மாதம் முழுக்கத் தாராளமாகக் காணும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாதம் பாதி தாண்டியதுமே தீர்ந்துவிட்டது. அதன் பிறகு நிமிடத்துக்கு ஒரு ரூபாய் வீதம் மெயின் பேலன்ஸிலிருந்து போகத் தொடங்கியது. "நான் அவ்வளவு பேசவே இல்லையே" என்றார் அக்கா. அவர் சொன்னது உண்மை.

எந்த நிறுவனத்தின் பேக் என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. கணக்குப் போடும் முறைதான் இங்கே விஷயம்.

நான் மதுரையில் டிரங்க் எக்ஸ்சேஞ்சில், அதாவது வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுக்கும் இடத்தில், ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நிமிடக் கணக்கு எனக்குப் புதிதல்ல. டிரங்க் கால் காலத்தில் ஒரு அழைப்புக்குக் குறைந்தபட்சம் மூன்று நிமிடக் கட்டணம். அரை நிமிடத்தில் பேசி முடித்தாலும் மூன்று நிமிடத்துக்குத்தான் சீட்டு எழுதுவோம். மூன்று நிமிடம் முடியப்போகிறது என்றால் நடுவில் புகுந்து, "மூன்று நிமிடம் ஆகிறது, தொடரலாமா?" என்று கேட்போம். கட்டணம் கடுமையானதுதான். ஆனால் எதை எப்படி அளக்கிறோம் என்பது பேசுகிறவருக்குத் தெரியும். ஒரு மனிதக் குரல் அதை அவர் காதில் சொல்லும். இன்றைய பேக்கில் அந்தக் குரல் இல்லை. அட்டையில் "300 நிமிடம்" என்று பெரிதாகப் போட்டுவிட்டு, "60 நொடி பல்ஸ்" என்பதை அடியில் எறும்பு எழுத்தில் போடுகிறார்கள்.

பல்ஸ் என்பது அளவுகோலின் ஒரு கட்டம். 60 நொடி பல்ஸ் என்றால் ஒரு நொடி பேசினாலும் ஒரு நிமிடம். 61 நொடி பேசினால் இரண்டு நிமிடம். ஒவ்வொரு அழைப்பும் தனித்தனியாக மேல்நோக்கி முழுமையாக்கப்படும். மிச்சமான நொடிகள் அடுத்த அழைப்புக்குச் சேராது.

அக்காவுடைய ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பு விவரப் பட்டியல் வாங்கிப் பார்த்தபோது ஐந்து அழைப்புகள் அடுத்தடுத்து இருந்தன: 14 நொடி, 22 நொடி, 9 நொடி, 65 நொடி, 31 நொடி. கூட்டினால் 141 நொடி, அதாவது 2 நிமிடம் 21 நொடி. பேக்கில் கழித்தது 6 நிமிடம். அந்த 65 நொடி அழைப்பில் ஐந்து நொடி முன்னதாக வைத்திருந்தால் ஒரு நிமிடம் மிஞ்சியிருக்கும். மார்க்கெட் இரைச்சலில் விலை காதில் விழாமல் திரும்பக் கேட்கிற பெண், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டா பேசுவார்?

அந்தப் பட்டியலை வாங்கியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரீபெய்டுக்கு அப்படி எதுவும் கிடையாது என்று ரீசார்ஜ் கடையில் சொல்வார்கள். உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, பிரீபெய்டு வாடிக்கையாளர் கேட்டால் கடந்த ஆறு மாதத்துக்குள்ளான அழைப்பு விவரங்களை நிறுவனம் 30 நாளுக்குள் தர வேண்டும். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. கஸ்டமர் கேரில் பேசி, கோரிக்கை எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "ஐட்டமைஸ்டு பில்" என்று கேட்டால்தான் எதிர்முனையில் இருப்பவருக்குச் சட்டென்று புரிகிறது. ஐம்பது ரூபாய் போனாலும் பரவாயில்லை. அந்தத் தாளைப் பார்த்தால்தான் வீட்டில் யாருக்கு எந்த பிளான் சரி என்பது தெரியும்.

நொடிக் கணக்கு நம் நாட்டுக்கு வராத ஒன்றல்ல. 2009-இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று வந்தபோது சந்தையே ஆட்டம் கண்டது. சில மாதங்களுக்குள் மற்ற நிறுவனங்களும் வேறு வழியில்லாமல் நொடிக் கணக்குக்கு வந்தன. 2012-இல் டிராய், ஒவ்வொரு நிறுவனமும் நொடிக் கணக்கில் ஒரு திட்டமாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்த ஒரு பைசா இன்று இல்லை. டாக்டைம் போட்டுப் பேசுகிற திட்டங்களில் நொடிக்கு 2.5 பைசா என்பதைப் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஒன்றரை ரூபாய் ஆகிறதே, நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்பதுதானே மலிவு என்று தோன்றும். அக்காவின் அதே ஐந்து அழைப்புகளைப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 2.5 பைசாவில் 141 நொடிக்கு மூன்றரை ரூபாய்தான். நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்கிற "மலிவு" கட்டணத்தில் ஆறு ரூபாய். நாற்பது நொடிக்குள் முடிகிற அழைப்பு எதுவானாலும் நொடிக் கணக்குதான் லாபம். கட்டணத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பல்ஸைப் பார்க்க வேண்டும்.

இதிலும் ஒரு பிடிமானம் இருக்கிறது. 100 ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் கையில் கிடைக்கும் டாக்டைம் 81 ரூபாய் 75 பைசா. 18 சதவீத ஜிஎஸ்டி ஒரு பக்கம், செயலாக்கக் கட்டணம் இன்னொரு பக்கம். பத்து ரூபாய் போட்டால் 7 ரூபாய் 47 பைசா. ஆகவே 2.5 பைசாவில் 100 ரூபாய்க்கு ஐம்பத்து நாலரை நிமிடம்தான் பேச முடியும். சிறு சிறு தொகையாகப் போடுகிறவருக்குத்தான் இந்தப் பிடிமானம் அதிகம் வலிக்கும். பத்து ரூபாய்க்குப் போடுகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

மணி அடிக்கும் நேரம் கணக்கில் வராது. எதிர்முனையில் எடுத்த நொடியிலிருந்துதான் கணக்கு ஓடும். எடுப்பது மனிதராக இருக்க வேண்டும் என்பதில்லை. பதிவு செய்த குரல், "எங்கள் பிரதிநிதிகள் வேறு அழைப்பில் இருக்கிறார்கள்" என்று பாட்டுப் போடுகிறதே, அதுவும் எடுத்ததாகத்தான் அர்த்தம். நிமிடம் ஓடும். 1800 என்று தொடங்கும் எண்கள் இலவசம். 1860 என்று தொடங்கும் எண்களுக்குக் காசு உண்டு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பெரியவர்கள் தடுமாறுகிறார்கள்.

அக்காவின் பட்டியலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவர் செய்யவே செய்யாத அழைப்புகள், எல்லாம் மகனுடைய எண்ணுக்கு, அவர் கணக்கில் இருந்தன. அம்மா போனை எடுக்காத நேரத்தில் ஆர்டர் தவறிவிடக் கூடாதே என்று, அவன் எப்போதோ கால் ஃபார்வர்டு போட்டு வைத்திருக்கிறான். அப்படித் திருப்பி விடுகிற அழைப்பு, திருப்பி விடுகிறவருக்கு வெளிச்செல்லும் அழைப்பு. பூ கேட்டு யாரோ அழைக்க, மகன் எடுத்துப் பேச, நிமிடம் கழிவது அக்காவின் பேக்கில். ##002# அழுத்தி டயல் செய்தால் எல்லா ஃபார்வர்டும் ரத்தாகும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனிலும் ஒரு தடவை இதைச் செய்து வைத்துவிடுங்கள். வெளிநாட்டில் ரோமிங் பேக் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும்: அதில் தரும் நிமிடங்களில் பெரும்பாலும் வருகிற அழைப்பும் சேர்த்தே கழியும்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் நிமிடத்தை எண்ணுவதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் எண்ணுக்குப் பேசினால், அந்த முதல் நிறுவனம் இரண்டாவதற்கு நிமிடக் கணக்கில் இணைப்புக் கட்டணம் கொடுக்க வேண்டும். 2017 அக்டோபரில் அது 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகக் குறைந்தது. 2019 அக்டோபரில் ஜியோ, மற்ற நிறுவன எண்களுக்குப் பேசினால் நிமிடத்துக்கு 6 பைசா என்று வாடிக்கையாளரிடம் வாங்கத் தொடங்கியது இதைக் காட்டித்தான். 2021 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டணம் பூஜ்யம். நாட்டுக்குள் செய்யும் அழைப்புக்கு, நிமிடத்துக்கு இவ்வளவு என்று எதிர்முனை நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய காசு எதுவும் இல்லை. அப்புறம் ஏன் பூக்காரியின் 9 நொடியை ஒரு நிமிடமாக எழுத வேண்டும்? கணினி நொடியை அறியாததா? அழைப்பு தொடங்கியதையும் முடிந்ததையும் அது நொடி சுத்தமாகப் பதிவு செய்கிறது. அக்காவின் பட்டியலிலேயே நொடிக் கணக்கு அச்சாகியிருக்கிறது, பக்கத்துக் கட்டத்தில் முழு நிமிடம்.

"பேசாமல் அன்லிமிடெட் போட்டுவிடுங்கள்" என்று கடைக்காரர் சொல்வார். நானும் முடிவில் அங்கேதான் வந்தேன், ஆனால் அவர் காட்டிய பேக்குக்கு அல்ல. அவர் காட்டியது தினமும் இத்தனை ஜிபி இணையம் உள்ளது. கீபேட் போனில் அது எதற்கு? 2024 டிசம்பரில் டிராய், இணையம் இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக்கைக் கட்டாயம் தர வேண்டும் என்று சொன்னது. அதன் வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம் என்றது. 2025 ஜனவரியில் அவை வந்தன. அப்போது நிலைத்த விலை: ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1849, ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1748. நாள் ஒன்றுக்கு ஐந்து, ஐந்தரை ரூபாய். கடைக்காரர் தானாக இதை எடுத்துக் காட்ட மாட்டார். "வாய்ஸ் ஒன்லி" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அக்காவைப் போல நாளெல்லாம் குட்டிக் குட்டி அழைப்பு செய்கிறவருக்கு இதை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். பல்ஸ் கவலை இல்லை, மார்க்கெட் இரைச்சலில் விலை காதில் விழாவிட்டால் இன்னொரு தடவை அழைக்கலாம். அவர் சிறுவாட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார், 84 நாள் பேக் போட்டோம். போனை எடுத்தால் இப்போது பதற்றம் இல்லாமல் பேசுகிறார். அதற்கே இந்த விலை தகும்.

ஆனால் போனில் பேசுவதைவிட, வருகிற அழைப்பை எடுக்க மட்டுமே போன் வைத்திருக்கிறவர்களுக்கு இதுவும் சுமைதான். 2003 மே மாதத்தில்தான் இன்கமிங் இலவசம் ஆனது. அதற்கு முன்பு போனை எடுத்தாலே காசு. 2018 இறுதியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்று 35 ரூபாயில் தொடங்கினார்கள். இப்போது வேலிடிட்டி முடிந்து சில நாளில் வருகிற அழைப்பும் நின்றுவிடுகிறது. நிமிடத்தை அளந்தவர்கள் இப்போது நாளை அளக்கிறார்கள். அந்த நாளிலும் 28 என்கிற கணக்கு. வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை போட வேண்டியதைப் பதின்மூன்று தடவை போட வைக்கிறது. 30 நாள் பேக்கும், மாதம் தோறும் அதே தேதியில் புதுப்பிக்கிற பேக்கும் தலா ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் சொல்லிவிட்டது. கேட்டு வாங்குங்கள்.

வாய்ஸ் ஒன்லியில் குறை என்று நான் சொல்வது ஒன்றுதான். 2025 ஜனவரியில் ஏர்டெல்லும் ஜியோவும் கொண்டுவந்தவற்றில் 84 நாளுக்குக் குறைந்து இல்லை. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்கிறவர் நானூற்றைம்பது ரூபாயை ஒரே மூச்சில் எடுத்து வைப்பது லேசான காரியமல்ல. அதே நாள் கணக்கில் 30 நாளுக்கு என்றால் 170 ரூபாய்க்குள் வரும். அந்த பேக்கைக் கொண்டு வாருங்கள். கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரிடமும் நானே போய்ச் சொல்லி வாங்க வைக்கிறேன்.