பண்ணை நிலம் வாங்கப் போகிறீர்களா? பத்திரத்தில் மரமும் இல்லை, தண்ணீரும் இல்லை

மதுரை மாவட்டத்தில் திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர் வரைக்கும் கரிசல் காட்டில் கம்பி வேலி போட்டு, வாசலில் ஆர்ச் கட்டி, பண்ணை நிலம் என்று சென்ட் கணக்கில் விற்கிறார்கள். மலைவேம்பு நட்டுத் தருவோம், சொட்டுநீர் போடுவோம், காவலுக்கு ஆள் வைப்போம், மரம் விளையும்வரை மாதாமாதம் வாடகை தருவோம் என்பதுதான் பேச்சு. வாடகை ஏழெட்டு மாதம் ஒழுங்காக வரும். அப்புறம் தாமதம், அப்புறம் செக் திரும்பும், கடைசியில் அலுவலகம் பூட்டிக் கிடக்கும். ஓய்வுபெற்ற பணத்தையும் வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தையும் இதில் போட்டவர்கள் கொண்டுவந்து காட்டும் பத்திரங்களில் திரும்பத் திரும்ப ஒரே ஓட்டைகள்தான் இருக்கின்றன. இனி ஒருவரும் இதில் விழக்கூடாது என்பதற்காகவே இந்தப் பதிவு.

முதலில் பத்திரத்தின் கடைசிப் பக்கம், தபசில் விவரம், அதாவது சொத்து விவரம். "புஞ்சை 6 ஏக்கர் 20 சென்ட்டில் பிரிவினையில்லாத பொதுவில் 10 சென்ட்" என்று எழுதியிருக்கும். கீழே நான்கு மால், அதாவது நான்கு திசை எல்லை, கொடுத்திருப்பார்கள். அது முழு ஆறு ஏக்கருக்கான மால், உங்கள் 10 சென்ட்டுக்கானது அல்ல. காட்டில் கல் ஊன்றி, பெயின்ட்டில் எண் போட்டுக் காட்டினார்களே, அந்த இடம் இந்தப் பத்திரத்தின்படி உங்களுக்குத் தனியாகச் சொந்தமில்லை. அறுபது பேரோடு சேர்ந்து ஒரு பங்கு, அவ்வளவே. பட்டாவும் கூட்டுப் பட்டாவாகத்தான் வரும். அந்த இடத்தைத் தனியே பிரித்து விற்கவோ வேலி போடவோ போனால் மற்றவர்கள் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் பாகப்பிரிவினை வழக்கு.

அடுத்து, அதே தபசிலில் "மாவடை மரவடை" என்ற சொல், அதாவது நிலத்திலுள்ள மரங்களும் உங்களுக்கே என்பது, இருக்கிறதா? கிணற்றிலோ போர்வெல்லிலோ பங்கு, மின் இணைப்பின் சர்வீஸ் எண், மாமூல் வண்டிப்பாதை, இவை எழுதப்பட்டிருக்கின்றனவா? நாலு தலைமுறையாக நிலம் வாங்கி விற்கும் குடும்பங்கள் இந்த வரிகள் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டார்கள். பண்ணை நிலப் பத்திரங்களில் இவை இருப்பதே இல்லை. விவசாய மின்சாரம் இலவசம் என்று சொல்லி விற்பார்கள். ஆனால் இணைப்பு விற்றவர் பெயரில், போர் அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட மூலையில். அவர் மோட்டாரை நிறுத்தினால் கேட்க உங்களிடம் ஒரு காகிதமும் கிடையாது.

வாடகையும் பராமரிப்பும் வேறொரு காகிதத்தில் இருக்கும். ஒரு முத்திரைத்தாள், நோட்டரி முத்திரை, பத்து வருஷ ஒப்பந்தம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவு. இது பதிவாகியிருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். நிலத்தை விற்றவர் ஒருவர், பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது வேறு நிறுவனம். நிலம் கொடுத்துவிட்டேன், என் கடமை முடிந்தது என்று விற்றவர் கழன்றுகொள்வார். அந்த இன்னொரு நிறுவனத்திடம் ஒரு நாற்காலிகூட இருக்காது.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 10 சென்ட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 36,000, ஏக்கருக்கு 3,60,000. அந்தக் கரிசலில் நல்ல மழை பெய்த வருஷம் மானாவாரிப் பருத்தி ஏக்கருக்கு நாலைந்து குவிண்டால் வரும். குவிண்டால் ஏழாயிரம் என்று வைத்தாலும் மொத்தம் 35,000 தாண்டாது. அதில் உழவு, விதை, களை, எடுப்புக் கூலி போக வேண்டும். அப்படியானால் உங்களுக்கு வந்த வாடகை எங்கிருந்து வந்தது? உங்களுக்குப் பின்னால் வாங்கியவர் கட்டிய பணத்திலிருந்துதான். புது ஆள் வருவது நின்ற மாதம் வாடகையும் நிற்கும். 2012-இல் பெருந்துறை ஈமுக் கோழித் திட்டங்கள் விழுந்ததும் இதே மாதிரித்தான்.

மரத்துக்கு வருவோம். சென்ட்டுக்கு 10 மரம் என்றால் ஏக்கருக்கு ஆயிரம். அதாவது இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். அந்த நெருக்கத்தில் நட்டால் நடுவில் பாதிக்கு மேல் வெட்டிக் கலைத்தால்தான் மீதி பருக்கும். நோட்டீஸிலோ ஆயிரம் மரமும் முழு விலைக்குப் போவதாகப் பெருக்கிக் காட்டுவார்கள். மலைவேம்புக்கு ஆழமான, வடிகால் உள்ள மண் வேண்டும். கரிசல் ஐப்பசி கார்த்திகையில் சேறாகி வேரை அழுகவைக்கும். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுக்கும். செம்மரம் நட்டுத் தருவதாகச் சொன்னாலும், அதில் வைரம் (விலை போகும் நடுக்கட்டை) ஏற இருபது வருஷத்துக்கு மேல் ஆகும், வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறை அனுமதி வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்து திறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் மரக்கன்று தேறுவது கஷ்டம்; சொட்டுவானிலும் உப்பு அடைக்கும். மண்ணை மேலாக்கில் எடுக்காமல் மூன்றடிக் குழி வெட்டி, அடிக்கு ஒன்றாக மூன்று மாதிரி எடுங்கள். 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் பதிவுகளின் பட்டியல்) போட்டு, அந்த சர்வே எண்ணில் விற்ற சென்ட்டை எல்லாம் பென்சிலால் கூட்டிப் பாருங்கள். பட்டாவில் ஹெக்டேரில் இருக்கும்: 6 ஏக்கர் 20 சென்ட் என்றால் ஏறக்குறைய 2.51 ஹெக்டேர். விற்ற கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் இல்லாத நிலத்தை விற்கிறார்கள். கோயில் நிலமும் பஞ்சமி நிலமும் (தலித் மக்களுக்கு ஒதுக்கியது) வில்லங்கத்தில் பிடிபடாமல் போகலாம்; அதற்கு கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டை (நிலத்தின் வகை எழுதிய கிராமக் கணக்கு) பார்க்க வேண்டும். பாதை ஓடைப் புறம்போக்கில் போகிறதா என்பது சர்வே வரைபடமான புலப்படத்தில் தெரிந்துவிடும். நில உரிமையாளரிடம் பவர் (விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கி விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: செக் கையில் இருந்தால் அதன் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போடுங்கள். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ், அது சேர்ந்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. அடுத்த மாதம் தருகிறேன் என்ற பேச்சை நம்பி இந்த நாட்களைத் தவறவிட்டவர்கள் ஏராளம். மதுரையிலேயே பொருளாதாரக் குற்றப்பிரிவும், 1997-ஆம் வருஷத்து முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்துக்கான சிறப்பு நீதிமன்றமும் இருக்கின்றன. ரசீது, வங்கிக் கணக்கு விவரம், நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். கூடவே, அந்த சர்வே எண்ணில் வாங்கியவர்களை வில்லங்கத்திலிருந்தே கண்டுபிடித்து ஒன்றுசேருங்கள். சர்வேயரை வைத்து அளந்து, எல்லோரும் கையெழுத்திட்டுப் பாகப்பிரிவினை பதிந்து, உட்பிரிவுப் பட்டா வாங்கலாம். விற்றவர் பெயரில் மிச்சப் பங்கு இருந்தால் அவர் கையெழுத்தும் தேவைப்படும். ஆள் ஊரில் இருக்கும்போதே அதை வாங்கிவிடுங்கள்.