முதுகுப்பையுடன் மாயா நிலம்: மெக்சிகோவா, குவாத்தமாலாவா?

பண்டைய மாயா இனத்தாரின் நகர இடிபாடுகளே முதன்மை நோக்கமெனில் குவாத்தமாலாவைத் தேர்ந்தெடுக்கலாம். ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள அங்குள்ள திக்கால் நகரின் நான்காம் கோயிலிலிருந்து, அடர்காட்டுக்கு மேலே பிற கோயில்களின் உச்சிகள் மட்டும் தலைநீட்டும் காட்சிக்கு நிகரானது மெக்சிகோவின் பலென்கேயில் இல்லை, ஆயினும் பக்கால் மன்னனின் கல்லறை 1952இல் கண்டறியப்பட்ட கோயில் பலென்கேயில்தான் உள்ளது.

கடற்கரையில் போட்டியே இல்லை: மெக்சிகோவின் தூலுமில் கரீபிய வெண்மணலை ஒட்டியே பழைய மதில் நகரம் நிற்கிறது, குவாத்தமாலாவின் பசிபிக் கரையோ எரிமலைக் கருமணலும் முரட்டு அலைகளும் கொண்டது.

மலைக்கிராமங்களில்தான் தேர்வு கடினமாகிறது. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்துச் சான் ஹுவான் சாமுலாவில், சோட்சில் என்னும் மாயா இன மக்கள் பைன் ஊசியிலைகள் பரப்பிய தரையில் மெழுகுவத்தி ஏற்றி வழிபடும் தேவாலயத்துக்குள் படமெடுக்கத் தடை உண்டு (நியாயமான தடைதான்). குவாத்தமாலாவின் அதித்லான் ஏரிக்கரையின் மாயா ஊர்களுக்கிடையே படகிலேயே சென்றுவரலாம் என்பதால், நிதானமாகத் தங்கிப் பார்க்க விரும்புவோருக்குக் குவாத்தமாலாவே ஏற்றது.