மெட்டர்னிட்டி கவர்: நாமளே கேட்டு சிசேரியன் பண்ணா பணம் வருமா? (2/5)

ஆபீஸ் குரூப் பாலிசில வர்ற மெட்டர்னிட்டி கவர் பத்தின ரிவியூ. நார்மலுக்கு 50,000, சிசேரியனுக்கு 75,000 லிமிட், வெயிட்டிங் பீரியட் கிடையாது, அதுவரைக்கும் ஓகே. முதல் பிரசவத்துல பட்ட பாடு போதும், இந்த தடவ சிசேரியன் தான்னு என் மனைவி உறுதியா சொல்லிட்டா, டாக்டரம்மாவும் அடுத்தடுத்த பிரசவத்துல நஞ்சுக்கொடி கர்ப்பப்பையோட ஒட்டிக்கிற ரிஸ்க் வரைக்கும் பொறுமையா விளக்கிட்டு தான் கையெழுத்து வாங்கினாங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு டிபிஏ (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளைம் பாக்குற ஏஜென்சி) குவெரி: ஆபரேஷன் மருத்துவ காரணத்துக்கா, பேஷண்ட் கேட்டதாலயா? பாலிசில அப்படி ஒரு கண்டிஷனே இல்லைங்க! பில்லிங் கவுண்டர்ல "வேற காரணம் எழுதிக்கலாம் சார்"னாங்க, டாக்டரம்மா முடியவே முடியாதுன்னுட்டாங்க, அவங்களுக்கு மட்டும் 5 ஸ்டார்.

2019-21 குடும்பநல சர்வேபடி தமிழ்நாட்டு தனியார் ஆஸ்பத்திரில 100 பிரசவத்துல 60க்கு மேல சிசேரியன், அதனால கம்பெனி கேள்வி கேக்குறது புரியுது, ஆனா அத ஆஸ்பத்திரி கிட்ட கேக்கணும், பச்ச உடம்புக்காரி கிட்ட இல்ல. தனியா பாலிசி எடுக்குறவங்க எக்ஸ்க்ளூஷன் 18 (பணம் தரமாட்டோம்னு சொல்ற லிஸ்ட்ல பிரசவம் பத்தின பிரிவு) இருக்கான்னு பாருங்க, அது இருந்தா எந்த பிரசவத்துக்கும் பணம் கிடையாது. ரிஜெக்ட் ஆனா முதல்ல கம்பெனி குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க, 30 நாள்ல பதில் இல்லன்னா இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகார விசாரிக்கிற அதிகாரி) கிட்ட போங்க, ஃபீஸ் இல்ல, சென்னைலயே ஆபீஸ் இருக்கு. நாங்க பாலிசி காப்பிய வச்சு எழுதின அப்புறம் தான் முழு பணமும் வந்துச்சு.